செத்த இருங்க மேடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டில் உங்கள் பிரின்ஸி சுகம். மூட்டுவலி தேவலையா? உங்கள் காதுக்காக போனில் கத்தினால் அறையில் திட்டுகிறார்கள், அதனால்தான் கடிதம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த பைஜு அண்ணனை நிறுத்திவிட்டு, அந்த வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கூப்பிட்டதும் வந்து நிற்பார். இனி போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

நேற்று பிரிண்டர் மக்கர் பண்ணியது. போனில் ஒரு பெண் வரிசையாக இங்கிலீஷில் கேள்வி கேட்டாள். நடுவில் தன்னை மறந்து, கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு நம் ஊரில் சொல்வதுபோலவே, "செத்த இருங்க மேடம்" என்றாள். நான் அப்படிச் சொன்னால், அறையிலிருக்கும் கோயம்புத்தூர்க்காரி, "யாரு செத்தது?" என்பாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"குடவாசல் பக்கம் மேடம். சென்னையில உக்காந்து பேசுறேன்."

பைஜு அண்ணனுக்கு வேலை போனதால் வந்த குரல். சந்தோஷப்படவே கூச்சமாக இருந்தது. பிரிண்டர் ஓடத் தொடங்கியது. "சரியாயிடுச்சா மேடம்?" என்றாள். "இன்னும் இல்லம்மா" என்று பொய் சொன்னேன்.

நீங்கள் பேசுவதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி தம்பி ஆல்பினிடம் சொல்லுங்கள். குறுவை நடவு பற்றிப் பேசினாலும் போதும். ஒன்றும் தோன்றாவிட்டால், "செத்த இரு பாப்பா" என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது.

பிரின்ஸி