தடிமனோடு கொரில்லா பார்க்கப் போனவர்

சூரிச், 14 செப்டெம்பர் 1996

உகண்டாவிலிருந்து வந்தும் கோபம் ஆறவில்லை. தடிமன், இருமல் உள்ளவர்கள் காட்டுக்குள் வரக்கூடாது, தொற்றினால் கொரில்லாக்கள் செத்துப்போகும் என்று வழிகாட்டி சொன்னார். எனக்குத் தடிமன். உண்மையைச் சொல்லிவிட்டு முகாமிலேயே தங்கினேன். என்னிடமிருந்து தொற்றிய அதே தடிமனைக் குளிசை போட்டு மறைத்துக்கொண்டு என் கணவர் மலையேறினார்.

இன்று ஷாஃப்ஹவுசனிலிருந்து அண்ணை குடும்பம் வந்தது. அவர்களுக்கு என் கணவர் காட்டில் எடுத்த படங்களைக் காட்டினார்.

"குட்டி என்ரை காலடிக்கே வந்திட்டுது!"

"அதுக்குப் பக்கத்திலை நின்று இருமினீங்களோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"ஓம், இருமினனான். வெறும் தடிமன்தானே, அதுக்கென்ன இப்ப?"

அண்ணைகூட அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். அந்தக் குட்டிக்கு இப்போது எப்படியிருக்கிறதோ, யாரிடம் கேட்பேன்? இவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்போகிறாராம். மாட்டிப் பார்க்கட்டும்.