லூக்காவில் ஒரு ஜன்னலோர மேசை

பிளானோ, டெக்சாஸ்
அக்டோபர் 1999

அன்புள்ள அக்கா,

நேற்று பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். "பொம்பள தனியா இத்தாலிக்கா?" என்று போனில் பதறினாயே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை, அதனால் நானே கிளம்பிவிட்டேன்.

ரோம், வெனிஸ் என்று ஓடாமல் லூக்கா என்ற சின்ன ஊரிலேயே தங்கினேன். அங்கே கோட்டை மதில்மேல் மரநிழலில் பாதை இருக்கிறது. தினமும் அதில் மெதுவாக நடந்தேன். பசித்தபோது சாப்பிட்டேன். யாருக்கும் டிபன் கட்டவில்லை.

முதல் நாள் ஓட்டலில் தனியாக உட்காரக் கூச்சமாக இருந்தது. ஒருவர்தானா என்று பரிமாறும் பெண் விரலைக் காட்டிக் கேட்டாள். தலையாட்டினேன். என்னை மூலையில் உட்காரவைக்காமல், இருப்பதிலேயே நல்ல ஜன்னலோர மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். அங்கே உட்கார்ந்து ஏனோ அழுதேன், அக்கா. அப்புறம் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். ஃப்ரீவேயில் காரை ஓட்டிக்கொண்டே, "அடுத்த தடவ லீவ் அப்ளை பண்றேன். நானும் கூட வரட்டுமா?" என்றார்.

இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன்.

ஆனால் நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் தங்கை