மைக்கில் அறிவித்த தங்கை

சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர் மிகப் பழையது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே வால்வுகள் சூடேறி, மேலே படிந்திருந்த தூசி கருகும் வாசனை எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வாசனைக்குப் பின் உங்கள் மாண்டலினுக்குச் சுருதி சேர்க்கும் ஓசை வரவேண்டும். வரவில்லை. நீங்கள் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நாம் முதலில் மேடை ஏறியது அறுபதுகளின் நடுவில், ஓர் ஆடிக் கிருத்திகைக்கு. நீங்கள் நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துக் கல்லூரியில் பாடம் எடுக்கச் சேர்ந்த புதிது. அரக்கோணம் ரயிலில் சேர்ந்து முணுமுணுத்ததுதான் நம் பயிற்சி எல்லாம். கோயில் மலையடிவாரப் பந்தலுக்கு வரவேண்டிய கச்சேரிக்காரர்கள் வராமல் போகவே, விழாக் கமிட்டியில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் உங்களைப் பிடித்தார். என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"யாருப்பா இந்தப் பொண்ணு? உன் சம்சாரமா?"

"இல்லீங்க. கூடப் பாடறவங்க."

"கூடப் பாடறவங்கன்னு மைக்ல எப்படிப்பா சொல்றது? ஜனம் பாட்டைக் கேக்குமா, உங்க ரெண்டு பேரையும் பாத்துகினு இருக்குமா? தங்கச்சின்னு சொல்லிடறேன். வேலை முடிஞ்சுது."

சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலத்துக்குத்தானே என்று நாமும் விட்டுவிட்டோம். மறுநாள் கடைத்தெருவில் நான் பாட்டுக்காரரின் தங்கச்சி ஆகியிருந்தேன். என் அம்மாவுக்கும் அது வசதியாகவே இருந்தது. கல்யாணமாகாத பெண் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது.

நமக்கென்று பாட்டுகள் உண்டானதே அந்தப் பொய்யால்தான். மற்றவர்கள் சினிமா டூயட் பாடினார்கள். அண்ணனும் தங்கையும் அதைப் பாட முடியாது. காதலை எடுத்துவிட்டால் இரண்டு பேர் பாட என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "ஊர்ல எவ்ளோ கீதுங்க," என்றீர்கள். கே.ஜி.கண்டிகைக்கு வராத டவுன் பஸ். கரண்ட் போனதும் தறிக்கூடத்தில் விழும் அமைதி. மலைப்படியில் பழப் பையைப் பிடுங்கும் குரங்கு. சொல் என்னுடையது, மெட்டு உங்களுடையது. பெயர் வாங்கித் தந்தது பஸ் பாட்டுதான். ஆர்.கே.பேட்டைக் கல்யாணம் ஒன்றில் நாம் உட்காருமுன்பே பின்னாலிருந்து ஒருவன், "இன்னா அண்ணே, பஸ்ஸு வந்துச்சா?" என்றான். இன்னொருவன் காதல் பாட்டு கேட்டதும் பக்கத்தில் இருந்தவர் அவன் தலையில் தட்டினார். "அண்ணன் தங்கச்சிடா. அறிவு கீதா உனக்கு?"

மேடையில் என்னை "வா, போ" என்பீர்கள். இறங்கியதும் நான் தங்கை இல்லை; "பாத்து வாங்க, வயர் கீது," என்பீர்கள். கச்சேரி சீக்கிரம் முடியாதா என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. காரணத்தை உங்களிடம் சொன்னதில்லை.

மணவூரில் ஒரு கல்யாணத்தில் பாடிவிட்டு, மத்தியானப் பாசஞ்சருக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இனிமே அண்ணன் தங்கச்சின்னு சொல்ல வேணாமே. நிஜத்தைச் சொல்லிடலாம்."

நீங்கள் சிரித்தீர்கள். "சொன்னா யாருங்க கூப்புடுவாங்க? இத்தினி நாளா ஏமாத்திகினு இருந்தீங்களான்னு பந்தல்லயே ஒதைப்பாங்க."

"பாட்டு போனா போகட்டும்."

சிரிப்பு நின்றது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "பாட்டும் இல்லன்னா, நாம எங்கங்க பாத்துக்கறது?"

ஒரே வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. நீங்கள் சொல்வீர்கள் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று நீங்கள் இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ், சாதியும் வேறு. ஆனால் அன்று நம்மைத் தடுத்தது அதெல்லாம் இல்லை. இருவருக்குமே கூச்சம். வண்டி வந்தது, ஏறினோம்.

தை மாதம் நகரியில் உங்களுக்குப் பெண் முடிவானது. கல்யாணத்தில் தாலி எடுத்ததும் புரோகிதர், "நாத்தனார் யாரு?" என்றார். முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை அவர் சகோதரியும் போடுவது வழக்கம். நீங்களோ ஒரே பிள்ளை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, நீங்கள் நைனா என்று கூப்பிடும் உங்கள் அப்பா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஊரெல்லாம் தங்கச்சின்னு சொல்லுது. வேற யாரு வேணும்? வாம்மா, வந்து போடு."

எனக்கு மரியாதை செய்வதாகத்தான் அவர் நினைத்தார். மணமேடையில் ஏறியபோது நீங்கள் எனக்கு மட்டும் கேட்கும்படி, "வேணாம்னா விட்டுடுங்க," என்றீர்கள். சடங்குகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மஞ்சள் பூசிய வெறும் கயிறு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். விரல்கள் கேட்கவில்லை. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. "நாத்தனாருக்குப் பாடத்தான் தெரியும் போல," என்று பெண்வீட்டார் யாரோ கேலி செய்யப் பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன் பிறகும் சில வருஷம் பாடினோம். கிட்டாரும் டிரம்ஸுமாகப் புதுக் குழுக்கள் வந்தன. நம்மைக் கூப்பிடுவது குறைந்தது. ரேடியோவிலோ இசைத்தட்டிலோ நம் குரல் எங்கும் இல்லை. கடைசியாக எங்கே பாடினோம் என்றுகூட எனக்கு நினைவில்லை. அது கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன்.

உங்கள் மகள் எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறாள். ஆண்டு விழா முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"அத்தே, நீங்க அப்பாவுக்குச் சொந்தத் தங்கச்சி இல்லியாமே? நகரியில மாமா சொல்லிகினு இருந்தாரு."

இனி நிஜத்தைச் சொன்னால் நம்மை யாரும் உதைக்க வரப்போவதில்லை. ஆனால் அவள் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உங்கள் பக்கத்து மனிதர்களில் அவளுக்கு மிஞ்சியிருப்பது நான் ஒருத்தி.

"உங்க மாமாவுக்கு என்ன தெரியும்? சொந்தந்தான்."

"நானும் அதான் சொன்னேன்," என்று அவள் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள்.

இத்தனை வருஷம் நாம் இருவரும் சேர்ந்து சொன்ன பொய் அது. முதல் தடவையாக நான் தனியாகச் சொன்னேன். குரல் பிசகவில்லை. அவள் எப்போது கேட்டாலும் இனி அதையே சொல்வேன்.