மேனாம்பேட்டில் நீ தொடங்கிய கிணறு

இன்று காலை சுகாதார இலாகா ஆள் ஒருவன் வந்து, நம் மேனாம்பேட்டு ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனான். கோடை வந்துவிட்டதல்லவா. ஒரு வாளி இறைத்து முகம் கழுவினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும், ஆப்பிரிக்காவில் நாம் படுத்திருந்த கூடாரம் கண்முன் வந்துவிட்டது. அங்கே பட்டாளத்துத் தண்ணீரிலும் இதே நெடிதான். உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. அசதியாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது நான் ஊர்த்தெருவிலிருந்தும் நீ சேரியிலிருந்தும் போய்ச் சேர்ந்தோம். மொம்பாசாத் துறைமுகத்தில் இறக்கி, மூன்று நாள் லாரியில் கொண்டுபோய் ஒரு பொட்டல் காட்டில் விட்டார்கள். பட்டாளத்துக்குக் கிணறு வெட்டுவது நம் வேலை. ஒரே கூடாரம், ஒரே குவளை. அங்கே நீ என்னை "மச்சான்" என்று கூப்பிட்டாய்.

பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் ஒரு குட்டையில் தண்ணீர் மொண்டார்கள். அவர்களுடைய மாடுகளும் அதில்தான் இறங்கின. நம் கிணற்றில் தண்ணீர் வந்ததும், சுரைக்குடுக்கைகளோடு வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்றார்கள். ராணுவத்துக்கு மட்டும்தான் என்று உத்தரவு. நீ நேராக நம் மேலதிகாரி ஜமேதாரிடம் போனாய்.

"சாயந்தரம் நம்ம வேல முடிஞ்சப்புறம் அவங்க மொண்டுகினு போட்டும், சாப். குட்டத் தண்ணியக் குடிச்சிகினு கீறாங்க."

உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டினார். மறுநாள் மாலை வேலியைத் திறக்கச் சொன்னார். அங்கிருந்து கிளம்புமுன், சிந்தும் அழுக்குத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் போகாதபடி நீ சுற்றிலும் கல்மேடை கட்டினாய். ஒரு பெண் உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"இன்னாடா சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"தெரில மச்சான். நல்லதாத்தான் இருக்கும்."

ஊர் திரும்பினோம். தெருவில் பார்த்தால் நீ என்னை "அண்ணாத்தே" என்றாய். நானும் திருத்தவில்லை.

அடுத்த கோடையில் சேரியில் வாந்திபேதி வந்தது. ஏரி வற்றிப்போய், நடுவில் இருந்த பள்ளத்துச் சேற்றுத் தண்ணீரைத்தான் உங்கள் ஜனங்கள் குடித்தார்கள். நீ என் வீட்டு வேலிக்கு அப்பால் நின்று பேசினாய்.

"கெணறு தோண்ட ஆரம்பிச்சிட்டோம் அண்ணாத்தே. ஊத்து வர்ற வரிக்கும் ஊர்க் கெணத்துலேர்ந்து தெனம் பத்து கொடம் குடுக்கச் சொல்லு. நாங்க கிட்ட வரல. நீங்களே எறைச்சி ஊத்துங்க. நீ சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன்.

ஊர்க்கூட்டத்தில் என் பெரியப்பாதான் பேசினார். "இன்னிக்கு எறைச்சி ஊத்துன்னுவான். நாளைக்குக் கெணத்துல கொடத்த எறக்குவான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா சொல்ற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ தூரத்தில் புளியமரத்தடியில் நின்றிருந்தாய். தண்ணீர் கிடையாது என்று முடிவாகிக் கூட்டம் கலைந்ததும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

ஐந்தாம் நாள் குழிக்குள்ளிருந்து ஏறி வந்து வாந்தி எடுத்தாயாம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் தம்பியும் மற்றவர்களும் விடாமல் வெட்டினார்கள். நீ போய் நான்காம் நாள் ஊற்று வந்தது.

அதற்குப் பிறகுதான் நான் சேரிக்கு வந்தேன். உன் மனைவி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றருகே போய் நின்றேன்.

"தண்ணி வோணுமா?" என்றாள்.

தலையாட்டினேன். சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை. குடித்தேன். நல்ல தண்ணீர்.

உன் சாவுக்கு நான் காரணமில்லை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம். அன்று நான் சொல்லவேண்டியிருந்தது மூன்றே வார்த்தை: "தண்ணி குடுத்துடலாம், பெரியப்பா." இப்போதெல்லாம் வயலில் தனியாக நிற்கும்போது அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் வருகிறது. நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை.