சின்ன முள் ஐந்தைத் தாண்டிய சாயங்காலம்

டீச்சர்,

இன்று மத்தியானம் பேத்தி தகரப் பெட்டியைக் கிளறி ஒரு சிவப்பு அட்டைத் துண்டை எடுத்து வந்தாள். பிஸ்கட் பெட்டியில் வெட்டியது, நுனி கூராக. "இது என்னா அம்மாச்சி?" என்றாள். பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உங்கள் விளையாட்டுக் கடிகாரத்தின் சின்ன முள் அது. உங்களிடம் இரண்டாம் வகுப்புப் படித்தபோது என் மகள் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. நீங்கள் தேடியிருப்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி போன மாதம் கொட்டகலை பஸ்ஸில் காதில் விழுந்தது. "எந்த டீச்சர்?" என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். என் கோபம் அப்படிப்பட்டது.

அந்த விளையாட்டில் ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் சுண்ணாம்பு வட்டம். பன்னிரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றி உட்கார, நெட்டையான ஒன்று பெரிய முள், குட்டையான ஒன்று இந்தச் சிவப்பு அட்டையோடு சின்ன முள். நீங்கள் "ஏழு மணி!" என்றால் முள்கள் இரண்டும் ஓடிப்போய் இடம் பிடிக்க, மற்றதெல்லாம் "அம்மா மலைக்குப் போயாச்சு!" என்று கத்தும். "அஞ்சு மணி!" என்றால் "அம்மா வந்தாச்சு!"

அதுவரை நான் எப்போது வந்தாலும் அதுதான் என் பிள்ளைக்கு அம்மா வரும் நேரம். நீங்கள் அதைக் கெடுத்தீர்கள். தேயிலைக் கொழுந்து மலிந்த காலம், மடுவக் கொட்டகையில் கூடையை நிறுக்கக் காத்துக் கிடக்க வேண்டும். அதற்கப்புறம் விறகு. ஒரு நாள் லயத்து வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுக் கடிகாரத்துக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு, அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள்.

"சின்ன முள்ளு அஞ்சைத் தாண்டிருச்சும்மா. நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

மறுநாள் பிள்ளைகள் முன்னாலேயே உங்களைக் கேட்டேன்: "எம்புள்ளைக்கு மணி பாக்கச் சொல்லிக் குடுத்தீங்களே டீச்சர், தோட்டத்துத் தொரைக்கு யாரு சொல்லிக் குடுக்கிறது?"

நீங்களும் லயத்துப் பிள்ளைதானே. "எங்கம்மாவும் லேட்டாத்தான் வருவாங்க அக்கா. அப்ப எனக்கு மணி தெரியாது, அதனால மத்தியானத்திலேருந்தே பயப்படுவேன். தெரிஞ்சா பயம் கொறையும்னு நெனச்சேன்," என்றீர்கள்.

நான் திரும்பி நடந்துவிட்டேன். அதற்கப்புறம் பஸ் நிற்கும் இடத்தில் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பீர்கள், "அக்கா, மணி என்னா?" சமாதானத்துக்குத்தான் கேட்டீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதை எப்படிச் சொல்ல? பிறகு மகள்தான் இந்தச் சிவப்பு முள்ளை அரிசி புடைக்கும் சுளகின் மேல் நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொடுத்தாள். தெரிந்த பிறகும் உங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது அவள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். ஏழு மணிக்குக் கூப்பிடுவேன் என்பாள். கடையில் கூட்டம் என்றால் விடமாட்டார்கள். பேத்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா இப்ப கூப்பிடுவாங்களா அம்மாச்சி?"

"இந்தா, இப்பக் கூப்பிட்டுருவாடி."

அந்த முள்ளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கொடுக்கவில்லை. கொடுத்தால் பயம் குறையுமா, கூடுமா? உங்களிடம்தான் கேட்கவேண்டும். உங்கள் மேல் கோபம் தீரவில்லை, ஆனால் கேட்க வேறு ஆளில்லை.

சின்ன முள் ஏழைத் தாண்டிவிட்டது, டீச்சர். பேத்திக்கு இன்னும் மணி பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரிகிறது.