ஒரே தாளில் இரண்டு செடிகள்

ஆகஸ்ட் 14, வியாழன்

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. மகள் இப்போதுதான் உறங்கினாள்.

நான் வேலை செய்யும் உலர்செடிக் காப்பகத்தில் இன்று ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். தோட்டக்காரரின் மகனாகப் பிறந்து, ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, சாகும்வரை இந்த நாட்டுச் செடிகளைச் சேர்த்த தாவரவியலாளர் ஒருவரின் பிழை. ஒரே செடி என்று அவர் தாளில் ஒட்டிய இரண்டு கிளைகளில், ஒன்றின் இலையில் மட்டும் மெல்லிய மயிர் இருக்கிறது. காயவைக்கும்போது வேறு செடியின் கிளை கலந்திருக்க வேண்டும்.

சொல்லப் பயம். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. நான் சொல்வது தவறென்றால் அதை நீட்டிப்பார்களா? ஆனாலும் தாளை மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

"இருபது வருடமாக என் கண்ணில் படவில்லையே! ஸ்கொட்லாந்திலும் இதே செடியின் தாள் ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்தால்தான் உறுதி. நீயே அவர்களுக்கு எழுது, உன் பெயரில்."

வீட்டில் என் கணவருக்குச் சிரிப்பு. "பாவம், அந்த மனிசன் காடெல்லாம் அலைஞ்சு சேர்த்தது. நீர் மேசைக்கு முன்னால இருந்துகொண்டு பிழை பிடிக்கிறீர்!"

"அவர் அவ்வளவு வடிவா ஒட்டி வச்சபடியாத்தானப்பா எனக்குத் தெரிஞ்சது" என்றேன்.

சற்றுமுன் ஸ்கொட்லாந்துக் காப்பகத்துக்கு மின்னஞ்சலை அனுப்பினேன். முதல்முறையாகக் கீழே என் பெயர் மட்டும். பதில் வந்ததா என்று எத்தனை தடவை திறந்து பார்த்துவிட்டேன்! அங்கே இப்போது மாலைதான். கடைசி வரியாக இதைத்தான் எழுதியிருக்கிறேன்: உங்கள் தாளில் உள்ள இலைகளைப் பார்த்துவிட்டு, தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.