பூனையின் உடம்பில் இருந்த குண்டு

எம்ரிஸ், ஆட்டுக்கறி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துக் குடி. பூனையைக் கூட்டிவர மருத்துவரிடம் போகிறேன்.

நேற்று உன்னைக் கண்டபடி திட்டியது என் தப்புதான். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய ஏர் கன்னால், முயல் என்று நினைத்து நீதான் பூனையைச் சுட்டுவிட்டாய் என்று நம்பினேன். மருத்துவர் எடுத்துக் கொடுத்த குண்டை இன்று உன் டப்பாவில் இருப்பவற்றோடு வைத்துப் பார்த்தேன். உன்னுடையது பெரிது. இது சின்னது.

எதை வாங்கலாம் என்று நாம் அலைந்தபோது பக்கத்துப் பண்ணை கெரைண்ட் சொன்னானே, "முயலுக்குன்னா பெரிய குண்டு போடுறதையே வாங்குப்பா, என்னோடது சின்ன குண்டு, எலிக்குத்தான் லாயக்கு" என்று.

உன் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்துத் தர நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வர வேண்டாம் என்று ஃபோனிலேயே சொல்லிவிடு. அவனோடு நமக்குள்ள பழைய வேலித் தகராறை இன்று இழுக்காதே. உன் கோபம் எனக்குத் தெரியும், அதனால் துப்பாக்கி அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

நெரிஸ்

பி.கு.: சமையலறை ஜன்னல் திரையை விலக்காதே. காலையில் பார்த்தேன், நான் நின்று பாத்திரம் கழுவும் இடத்தில், என் தலை உயரத்துக்குக் கண்ணாடியில் ஓட்டை. எதிர்ச் சுவரிலிருந்து குண்டைத் தோண்டி எடுத்தேன். அதுவும் சின்னது.